இரும்புக்கை மாயாவிக்கு, ராஜபாளையத்திலிருந்து



நான் நன்றி சொல்ல வேண்டியது முதலில் உன் வலது கைக்கு. உடம்பெல்லாம் மறைந்த பிறகும் மறையாமல் அந்தரத்தில் நின்ற அந்த இரும்புக் கைக்கு.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்துக்காரன். மாயாஜாலக் கதைகள் எழுதுகிறவன். பள்ளி விடுமுறை விட்டால் சொந்தக்காரப் பிள்ளைகளையும் தெருப் பிள்ளைகளையும் சுற்றி உட்காரவைத்துக் கதை விளையாட்டு நடத்துகிறவன். ஆளுக்கொரு பாத்திரம். ஒருவன் வில்லாளி, ஒருத்தி வைத்தியச்சி, இன்னொருத்தி கைதேர்ந்த திருடி. என்ன செய்யப்போகிறோம் என்று அவர்கள் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். நடந்ததை நான் கதையாகச் சொல்வேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டிய வரம் இரண்டுதான். ஒன்று பறப்பது, இன்னொன்று மறைவது. பறப்பவனைக் கூரை போட்டு நிறுத்திவிடலாம். மறைகிறவனை என்ன செய்வது? பூட்டு, காவல்காரன், மதில் எதற்கும் வேலையில்லாமல் போய்விடும். அரைமணி நேரத்தில் புதையலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கேட்டவர்களுக்கும் அதில் சந்தோஷம் இருக்காது. மாயங்களிலேயே கட்டுவதற்குக் கடினமானது இதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதைக் கட்டக் கற்றுக்கொடுத்தது நீ.

மாயாவி, 1962இல் லண்டனின் ‘வேலியன்ட்’ வார இதழுக்காக உன்னை எழுத உட்கார்ந்த கென் பல்மருக்கும் வரைய உட்கார்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோவுக்கும் என்ன சிக்கல் வந்திருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரிகிறது. கதாநாயகன் கண்ணுக்குத் தெரியாதவன். ஆனால் இது சித்திரக்கதை. கட்டத்துக்குள் எதை வரைவது? ஆய்வுக்கூட விபத்தில் கையை இழந்த உதவியாளன் லூயிஸ் கிராண்டேல், இழந்த இடத்தில் ஓர் இரும்புக் கை, அப்புறம் பாய்ந்த உயர் அழுத்த மின்சாரம், உடம்பும் உடுப்பும் மறைய, கை மட்டும் மிச்சம். அந்த ஒரு மிச்சத்தில் சிக்கல் தீர்ந்துவிட்டது. பிளாஸ்கோ வரைந்த கையை நான் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். விரல் கணுக்களில் விழும் விளக்கு வெளிச்சம், கதவுப் பிடியைத் திருகும்போது மணிக்கட்டு சாயும் சாய்வு. அதைப் பார்த்தே உன் தோள் எங்கே இருக்கும், நீ குனிந்திருக்கிறாயா நிமிர்ந்திருக்கிறாயா, அவசரத்தில் இருக்கிறாயா என்று சொல்லிவிட முடிந்தது. வரையாமல் விட்ட உடம்பை அந்தக் கட்டத்துக்குள் நான் பார்த்தேன்.

அந்தக் கடனை எப்படி அடைத்துக்கொண்டிருக்கிறேன் என்றால், மறையும் வரம் கேட்கிற பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன்.

“சரி, எது மறையாது?”

“எல்லாமே மறையும் மாமா.”

“அப்படின்னா வரம் கிடையாது. எதையாவது ஒண்ண வெளிய விட்டுட்டுப் போ.”

அக்கா மகள் வெகுநேரம் யோசித்துவிட்டு, “கொலுசுச் சத்தம்” என்றாள். கொலுசைக் கழற்ற முடியாது, சத்தத்தையும் நிறுத்த முடியாது, அதுதான் அவள் மாயத்தின் விதி. இரண்டு நாள் அந்தச் சத்தத்தோடு மல்லுக்கட்டினாள். மூன்றாம் நாள் கோட்டைக் காவலர்களுக்கு முன்னால் வேண்டுமென்றே ஓடி, சத்தத்தைக் கேட்டுத் துரத்தியவர்களைக் கிழக்கு வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். மற்ற பிள்ளைகள் மேற்கு வாசல் வழியாக உள்ளே போனார்கள். குறையென்று நான் கொடுத்ததை அவள் ஆயுதமாக்கிக்கொண்டாள். நீயும் அதைத்தானே செய்தாய்? அந்தரத்தில் மிதந்து வரும் ஒற்றைக் கையைக் கண்டு துப்பாக்கியைக் கீழே போட்டு ஓடியவர்கள் எத்தனை பேர்! முழுதாக மறைந்திருந்தால் அந்தப் பயம் வந்திருக்காது.

மாயாவி, பக்கத்தில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரை எனக்குப் புதிதாகக் காட்டியதும் நீதான். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. பெரியாழ்வார் பெருமாளுக்குக் கட்டிவைத்த மாலையை, யாரும் பார்க்காத நேரத்தில் அவர் மகள் கோதை தான் சூடி அழகு பார்த்துவிட்டுத் திரும்பக் கூடையில் வைத்துவிடுவாள். அவள் முகம் பார்த்ததாகச் சொல்லப்படும் கண்ணாடிக் கிணறு இன்னமும் கோயிலில் இருக்கிறது. ஒருநாள் மாலையில் சிக்கியிருந்த ஒரு தலைமுடி அவளைக் காட்டிக்கொடுத்தது என்பார்கள். உன் கையைப் பார்த்துப் பழகிய பிறகுதான் அந்த ஒற்றை முடியின் கனம் எனக்கு உறைத்தது. கண்ணுக்குப் படாமல் நடந்த காரியம் ஒன்று விட்டுச்சென்ற தடயம். அதைவிடப் பெரிய பாடம் அடுத்து வருகிறது. பிடிபட்டதும் கதை முடியவில்லை. அவள் சூடிக்கொடுத்த மாலைதான் வேண்டும் என்று பெருமாள் கேட்கிறார். திருப்பதி பிரம்மோற்சவத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இன்றும் மாலை போகிறது. மறைந்தவர் பிடிபட்டால் தோற்றார் என்று எழுதுவதை அதோடு விட்டுவிட்டேன். பிடிபடும் இடத்தில் கதை எந்தப் பக்கம் திரும்பும் என்பதை முதலிலேயே யோசித்துவைக்கிறேன். தடயம் எவ்வளவு சின்னதோ, திருப்பம் அவ்வளவு பெரிதாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

மாயாவி, உன் மின்சாரத்துக்கும் கடன்பட்டிருக்கிறேன். நினைத்தவுடன் மறைய உன்னால் முடியாது. எங்கேயாவது ஒரு கம்பியைப் பிடிக்க வேண்டும், அந்த அதிர்ச்சியைத் தாங்க வேண்டும், ஏறிய வேகம் தணிந்ததும் உருவம் தானாகத் திரும்பிவிடும். மூலம், வலி, கெடு மூன்றும் உன்னிடம் இருந்தன. நம் பழைய கதைகளிலும் இது உண்டு. மேகத்துக்குள் மறைந்துகொண்டு அம்பு தொடுத்த இந்திரசித்தின் பலத்துக்கு ஒரு வேள்வி வேண்டியிருந்தது. நிகும்பலையில் அந்த வேள்வியைக் குலைக்க வேண்டும் என்று வீடணன் சொல்லிக்கொடுத்ததால்தான் இலக்குவனால் அவனை வெல்ல முடிந்தது. எதிரியை அவன் நிற்கும் இடத்தில் தேடாமல் அவன் பலம் வரும் இடத்தில் தேடு என்பதைப் பிள்ளைகளுக்கு நான் விளையாட்டில்தான் சொல்லித்தருகிறேன்.

2012இல் சென்னைக்கு வெளியே தமிழ்நாடு முழுக்க நாளில் பாதி நேரம் கரண்டு இல்லாமல் கிடந்தது உனக்குத் தெரிந்திருக்காது. பம்புசெட்டு ஓடவில்லை, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் மெழுகுவத்தி ஏற்றிவைத்துப் படித்தார்கள். அந்த நாட்களில்தான் உன்னை வைத்து ஒரு கதை விளையாட்டு கட்டினேன். மின்வெட்டு ஊருக்குள் உன்னைப் போல ஒருவன் மாட்டிக்கொள்கிறான். எந்தத் தெருவில் எத்தனை மணிக்குக் கரண்டு வரும், எந்த மில்லில் ஜெனரேட்டர் இருக்கிறது, யார் வீட்டு இன்வெர்ட்டரில் சார்ஜ் மிச்சம் இருக்கிறது என்று ஊரையே கணக்கெடுத்துக்கொண்டு போனால்தான் அவன் தப்பிக்க முடியும். நான் கட்டியவற்றில் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்டது அதுதான். அவர்களுக்குத் தெரிந்த ஊரும் தெரிந்த தட்டுப்பாடும் அதில் இருந்தன. மாயம் ஆகாயத்திலிருந்து வரவில்லை, டிரான்ஸ்பார்மரிலிருந்து வந்தது.

மாயாவி, உன் உடுப்பும் உன்னோடு சேர்ந்து மறைந்துவிடும். உனக்கு முன்னால் பிறந்த ஒருவனுக்கு அந்த வசதி கிடையாது. எச்.ஜி. வெல்ஸ் 1897இல் எழுதிய நாவலில் கிரிஃபின் என்பவன் மறைய வேண்டுமென்றால் குளிர்காலத்தில் துணியில்லாமல் அலைய வேண்டும். தின்ற சாப்பாடு உடம்போடு சேரும்வரை வெளியே தெரியும். சேற்றில் கால்தடம் பதியும். மனிதர்கள் நடுவே இருக்க வேண்டுமென்றால் முகத்தைக் கட்டுத்துணியால் சுற்றிக்கொள்ள வேண்டும். இதைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவு வந்தது சத்திரப்பட்டி. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில், ஆஸ்பத்திரிகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிற ஊர். தறிச் சத்தத்துக்கு நடுவே வெள்ளை வெளேரென்று சன்னத் துணி சுருள் சுருளாக அடுக்கியிருப்பார்கள். கிரிஃபின் நம் பக்கம் வந்திருந்தால் முகம் வாங்கிக்கொள்ள அங்கேதான் போயிருப்பான். என் கதை ஒன்றில் அவனைப் போன்ற ஒருவனை அங்கே அனுப்பியும் வைத்தேன். மறைய ஆசைப்பட்டவர்களையே எழுதிக்கொண்டிருந்த எனக்கு, மறைந்தவனுக்கு ஒரு கட்டத்தில் யார் கண்ணிலாவது பட்டால் போதும் என்று வரும் தவிப்பை எழுத வாய்த்தது அந்தக் கதையில்தான்.

பஞ்சையும் சொல்ல வேண்டும், மாயாவி. உன்னை எனக்கு அறிமுகப்படுத்திய சித்தப்பா ஸ்பின்னிங் மில்லில் ப்ளோ ரூமில் இருந்தார். பேல் பிரித்துப் பஞ்சை உதிர்க்கிற இடம். ஷிப்டு முடிந்து வரும்போது புருவத்திலும் காது மடலிலும் முன்கை ரோமத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். சட்டைப் பைக்குள் சுருட்டி வைத்திருக்கும் உன் புத்தகத்திலும் ஒட்டியிருக்கும். நான் ஊதிவிட்டுத்தான் பிரிப்பேன். பின்னாளில் மறைந்து திரியும் ஒற்றனை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் ஒரு கதை நின்றபோது, அவனை ப்ளோ ரூமுக்குள் அனுப்பினேன். முதலில் காற்றில் இரண்டு புருவங்கள் தெரிந்தன. அப்புறம் தோள்பட்டையின் மேல்விளிம்பு. அப்புறம் மூச்சு விடுகிற இடத்தில் மட்டும் பஞ்சு உள்ளே போவதும் வெளியே வருவதும். மறைந்தவனின் உடம்பு உலகத்திலிருந்து போய்விடுவதில்லை, இடத்தை அடைத்துக்கொண்டுதான் நிற்கிறது. மழை, புகை, மாவு, திருநீறு எதுவும் அவனை எழுதிக்காட்டிவிடும்.

மாயாவி, எங்கள் ஊர் நாயைப் பற்றி உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போன இனம். 2005இல் இந்திய அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையம் நாய்க்கும் ஓர் இடம் கொடுத்தது. இந்த இனத்தில் காது கேட்காமலே பிறக்கும் குட்டிகள் உண்டு. அப்படி ஒன்றை அக்கா மகளின் கொலுசுக்கு எதிராக ஒருமுறை கோட்டை வாசலில் கட்டிவைத்தேன். பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். சத்தத்தால் அதை ஏமாற்ற முடியாது, அதற்குக் கேட்கவே கேட்காது. ஆனால் காற்று இவர்கள் பக்கமிருந்து அடித்தால் மோப்பம் பிடித்து எழுந்துவிடும். அன்றைக்கு அவர்கள் கேட்ட கேள்வியெல்லாம் காற்றைப் பற்றித்தான். தென்மேற்கா வடகிழக்கா, மலைக்காற்று எத்தனை மணிக்கு இறங்கும், ஈரத்துணி போர்த்தினால் வாடை அடங்குமா? மறைவது யாருடைய எந்தப் புலனுக்கு என்று முடிவு செய்யாமல் மாயம் கட்டக்கூடாது என்பது அந்த நாயின் கொடை.

மாயாவி, நீ ஆரம்பத்தில் நல்லவனாக இருக்கவில்லை என்பதை யாரும் மறைக்காததற்கும் நன்றி. சக்தி வந்ததும் நீ முதலில் இறங்கியது திருட்டில். பிளேட்டோ சொன்ன கதையில் மோதிரம் கிடைத்த ஆட்டிடையனும் அரசனைக் கொன்று அரியணை ஏறினான். நீ பிறகு மீண்டு வந்து நிழற்படை என்ற உளவு அமைப்பின் ஏஜெண்டாக ஆனாய். அந்தப் பாதையை என் பிள்ளைகள் விளையாட்டில் தாங்களாகவே நடந்து பார்த்தார்கள். மறைகிற பாத்திரம் கிடைத்தவன் முதல் நாள் கூட்டாளிகளின் பையிலிருந்தே காசு எடுத்தான். நான் தடுக்கவில்லை. அவன் மறைந்திருக்கும்போது யாரும் அவனோடு பேசக்கூடாது, அவனும் பேசக்கூடாது, செய்வதைத் துண்டுச்சீட்டில் எழுதி என்னிடம் நீட்ட வேண்டும் என்பது மட்டுமே விதி. மற்றவர்கள் சிரித்துக் கும்மாளமிட, அவன் சீட்டு எழுதிக்கொண்டே இருந்தான். மறுநாள் அவன் நீட்டிய சீட்டில் ஒரே வரி: “காசைத் திருப்பி வச்சிடறேன், நான் தெரியணும்.” அந்தச் சீட்டை இன்னமும் வைத்திருக்கிறேன்.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இந்த வகை விளையாட்டுக்கெல்லாம் மூத்தது. அதன் விதிப்படி சாதாரண மறைவு மந்திரம், மறைந்தவன் ஒருவனைத் தாக்கிய கணமே கலைந்துவிடும். நல்ல விதிதான். என்றாலும் எனக்கு உன் வழியே பிடித்திருக்கிறது. நீ அடிக்கலாம், ஆனால் அடிக்கிற கை எல்லோர் கண்ணிலும் படும். செய்கிற காரியத்துக்கு ஆள் இல்லை என்று சொல்ல முடியாது.

மாயாவி, உனக்கு எதிர்த்திசையிலிருந்து மறைகிறவர்கள் எங்கள் மலையில் இருக்கிறார்கள். வத்திராயிருப்பு தாண்டித் தாணிப்பாறையிலிருந்து ஏறினால் சதுரகிரி. ஆடி அமாவாசைக்குக் கூட்டம் மலை கொள்ளாது. சுந்தர மகாலிங்கத்தைக் கும்பிடப் போகிறவர்களில் பலர், சித்தர்கள் இன்னமும் அங்கே கண்ணுக்குத் தெரியாமல் உலவுகிறார்கள் என்று நம்பித்தான் ஏறுகிறார்கள். கொடுப்பினை உள்ளவர் கண்ணுக்குத் தெரிவார்கள் என்பார்கள். உன் மறைவு உன் உடம்பில் நடப்பது. சித்தரின் மறைவு பார்க்கிறவனிடத்தில் நடப்பது. அவர் அங்கேதான் இருக்கிறார், நமக்குத்தான் கண் போதவில்லை. உன்னைப் படிக்காமல் இருந்திருந்தால் இரண்டும் ஒன்றென்று விட்டிருப்பேன். இப்போது மறைவு மாயம் எதையும் தொடங்கும்முன் அது எந்தப் பக்கத்தில் நடக்கிறது என்று முடிவு செய்துகொள்கிறேன். சித்தர் வகை மாயத்தில் கதையின் வேலையே மாறிவிடுகிறது. மறைந்தவரைக் கண்டுபிடிக்க வலையும் பஞ்சும் நாயும் உதவாது. தேடுகிறவர் மாற வேண்டும். அப்படி ஒரு விளையாட்டில், மலை ஏறும் வழியில் கால் சுளுக்கிக் கிடந்த கிழவருக்குத் தண்ணீர் கொடுத்த பிள்ளைக்கு மட்டும் உச்சியில் ஒருவர் நிற்பது தெரிந்தது. மற்றவர்களுக்கு அவள் வெறும் பாறையோடு பேசுவதாகத் தோன்றியது. அவர்கள் அவளை நம்புவதா வேண்டாமா என்று அடித்துக்கொண்டதில் ஒரு பொழுது முழுக்கப் போனது. என் வாழ்நாளில் நடத்திய விளையாட்டுகளில் அதைத்தான் முதலில் வைப்பேன்.

மாயாவி, கடைசியாக, நீ எங்களிடம் வந்து சேர்ந்த வழிக்கு. லண்டன் இதழில் பிறந்து, பார்சிலோனாக்காரர் ஒருவர் கையால் உருவம் பெற்று, 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக நீ தமிழில் இறங்கிய ஊர் சிவகாசி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். பட்டாசும் தீப்பெட்டியும் காலண்டரும் போகிற அதே லாரி செட்டுகளிலிருந்து நீயும் தமிழ்நாடு முழுக்கப் போனாய். பதிப்பித்த சௌந்திரபாண்டியனுக்கும், தொடக்க காலத்தில் ஆசிரியராக இருந்த முல்லை தங்கராசனுக்கும், பின்னால் 1984இல் லயன் காமிக்ஸைத் தொடங்கி இன்றுவரை உன்னை மறுபதிப்புகளில் உயிரோடு வைத்திருக்கும் விஜயனுக்கும் நான் சொல்லும் நன்றியை உன் கையில்தான் கொடுத்தனுப்ப வேண்டும். அட்டையில் பெயர் வராமல் உன்னைத் தமிழ் பேசவைத்தவர்களும், எழுத்துக் கோத்தவர்களும், தாள் மடித்து ஊசி அடித்தவர்களும் இருப்பார்கள். அவர்களையும் சேர்த்துக்கொள். உலகத்தின் மாயக் கதைகளெல்லாம் எங்கோ தூரத்தில் அச்சாகின்றன என்று நினைத்திருந்த ஒரு மில் தொழிலாளி வீட்டுப் பையனுக்கு, பின்னட்டையில் பக்கத்து ஊரின் பெயர் இருந்தது. நாமும் எழுதலாம் என்ற துணிச்சல் அந்த முகவரியிலிருந்து வந்தது.

பிள்ளைகளோடு சேர்ந்து இப்போது தமிழில் ஒரு விதிப்புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். மறைவைப் பற்றிய அத்தியாயம் முடிந்துவிட்டது. எது மறையாது, பலம் எங்கிருந்து வருகிறது, யாருடைய எந்தப் புலனுக்கு, எந்தப் பக்கத்தில் என்று நான்கு கேள்விகளும், அவற்றுக்குப் பிள்ளைகள் இதுவரை சொன்ன பதில்களும் அதில் இருக்கின்றன. மிருகங்களைப் பற்றிய அத்தியாயத்தில் மலை அணிலுக்கு எத்தனை பக்கம் என்பதில்தான் இன்னும் சண்டை. அது ஓய்ந்ததும் அச்சுக்குக் கொடுக்கச் சிவகாசிக்குத்தான் பஸ் ஏறுவேன்.

என்றும் கடன்பட்ட,
ராஜபாளையத்து வாசகன்